லேபிள் நம்மளுது, கிரவுண்டு ஆருது?

ஏங்கண்ணு, காலேஜுக்கு முழுக்குப் போட்டுப்போட்டு இனிமே கிரிக்கெட்டுத்தான் பொழப்புன்னு முடிவு பண்ணிட்டயாமா? உங்கம்மா வந்து மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னா. உங்கொப்பன் கம்பெனிக்குப் போற அவசரத்துலயும் வண்டிய ஓரங்கட்டி, "நீங்க சொன்னாக் கேப்பானுங்ப்பா"ன்னு சொல்லிப்போட்டுப் போறான். நான் சொன்னத அவன் என்னைக்குக் கேட்டான்? கேட்டிருந்தா அந்த எம்ப்ராய்டரி மிசினை வாங்கியிருப்பானா? இன்னைக்கும் அது சாக்கைப் போத்திக்கிட்டு மூலையில நிக்குது, தவணை மட்டும் ஓடி முடிஞ்சுது.

நான் உன்னத் தடுக்க வல்ல சாமி. போ. தாராளமாப் போ. பி.காம். முடிச்சு என்ன கிழிக்கப்போறே? சனிக்கிழமை பொழுதோட சம்பளக் கவரு போடுவே. திங்கக்கிழமை காத்தால ஆளு வல்லீன்னு தலையில கை வெப்பே. அதுக்கு வெயில்ல நின்னு பந்து பொறுக்கறது மேலு, ஒடம்பாவது தேறும்.

போறதுதான் போறே, போற எடத்தப் பத்திக் கெழவன் வாயால சித்தெ கேட்டுப்போட்டுப் போ.

2025 ஜூலை 6ந் தேதி ராத்திரி திருப்பூர் தமிழன்ஸ் கோப்பைய அடிச்சுதே, அன்னைக்கு நீ போட்ட கூச்சல்ல கட்டுத்தறியில இருந்த எருமை மொளக்குச்சியோட புடுங்கிக்கிட்டு ஓடிப்போச்சு. பேட்டரி லைட்டை எடுத்துக்கிட்டுப் போயி அதப் புடிச்சாந்து கட்டிப்போட்டுத்தான் நான் மிச்ச ஆட்டத்தப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, ஆட்டம் ஆட்டந்தான். 20 ஓவர்ல 220 ரன்னு. துஷார் ரஹேஜா 46 பந்துல 77, அமித் சாத்விக் 34 பந்துல 65. எதுக்கால நின்னது திண்டுக்கல் டிராகன்ஸ், அதுக்கு முந்துன வருசம் கோப்பை வாங்குனவங்க, கேப்டன் அஸ்வின். அப்பேர்ப்பட்டவங்கள 102க்குச் சுருட்டி 118 ரன்னு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. ரஹேஜா அந்த சீசன் பூராவுமாச் சேத்து 488 ரன்னு. "எங்க ஊரு ஜெயிச்சிருச்சு"ன்னு நீ ஸ்டேட்டஸ் வெச்சே. உங்கொப்பன் கம்பெனி குரூப்புலயும் வெச்சான். அன்னைக்கு மட்டும் அப்பனும் மவனும் ஒரே கட்சி.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆட்டம் எங்க நடந்துச்சு? திண்டுக்கல்லு பக்கம் நத்தத்துல, என்.பி.ஆர். காலேஜு கிரவுண்டுல. கேப்டன் சாய் கிஷோர் எந்த ஊரு? மெட்ராஸு. எறங்குன பதினொருத்தர்ல நம்ம ஜில்லாக்காரன் எத்தன பேருன்னு எண்ணிச் சொல்லு, தலைக்கு ஒரு தேங்கா பன்னு வாங்கித் தர்றேன். என்ற மடியில காசு கம்மிதான், இருந்தும் தைரியமாச் சொல்றேன்.

அந்த டீமு பொறந்த ஊராவது தெரியுமா உனக்கு? 2016ல டிஎன்பிஎல்லுங்கற தமிழ்நாடு பிரீமியர் லீக்கு ஆரம்பிச்சப்ப அதுக்குப் பேரு காரைக்குடி காளை. 2019 வரைக்கும் செட்டிநாட்டுக் காளையாத்தான் திரிஞ்சுது. 2020ல கொரோனா, ஆட்டமே இல்ல. 2021ல பார்த்தா அந்தக் காளை நொய்யல்ல எறங்கித் தண்ணி குடிச்சுப்போட்டு, தமிழனா எந்திரிச்சு நிக்குது. நொய்யல் தண்ணியக் குடிச்சா எதுவும் உருமாறும், அதுல எனக்கு ஆச்சரியமில்ல. திருப்பூருன்னு பேரு வெச்ச அந்த மொத வருசம் ஆட்டம் அத்தனையும் சேப்பாக்கத்துல. தொத்து நோய்க் காலம், சரி, விட்டுருவோம். அதுக்கப்பறம்? கோயமுத்தூரு, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல்லு. நம்ம ஊருல டிஎன்பிஎல் ஆட்டம் ஒண்ணாச்சும் நடந்து நீ பார்த்ததுண்டா? சொந்த ஊரு மண்ணுல ஒரு பந்து போடாத சொந்த ஊரு டீமு!

நான் பனியன் கம்பெனிக்குள்ள நொழஞ்சப்ப மீசை மொளைக்கல. கைமடிக்கற பையனாப் போனேன். அப்பறம் செக்கிங்கு, அப்பறம் கட்டிங்கு, கடைசில நாலு பவர் டேபிளப் போட்டுச் சொந்தமா ஓட்டுனேன். என்ற கை பட்டுப் போன பீசுக்குக் கணக்கு வழக்கு இல்ல, ஒண்ணுல கூட நம்ம பேரு இருந்ததில்ல. 1978ல இத்தாலியில இருந்து வெரோனான்னு ஒருத்தரு வந்து வெள்ளைப் பனியன் கேட்டதுல புடிச்ச எக்ஸ்போர்ட்டு, இன்னைக்கு வருசத்துக்கு 40,000 கோடி ரூபாயத் தாண்டிப் போச்சு. நிட்டிங்கு நம்மளுது, சாயம் நம்மளுது, சாயத்தண்ணியும் நம்மளுது. வெட்டறது, தைக்கறது, பிசிறு வெட்டறது, அயர்ன் போடறது, பொட்டி கட்டறது பூராவும் நம்ம ஊருல. கழுத்துக்குப் பின்னால ரெண்டு அங்குலத்துல ஒரு லேபிள் இருக்குது பாரு, அது மட்டும் பையருது. காசு அந்த ரெண்டு அங்குலத்துக்குத்தான் எச்சு. இத்தன வருசம் நாம தைச்சோம், லேபிள் அடுத்தவன் வெச்சான். கிரிக்கெட்டுல மட்டும் மொறை தலைகீழு. துணி மெட்ராஸு, தையல் நத்தம், லேபிள் திருப்பூரு. பையரா இருக்கற சொகத்த மொத மொறையா நாமளும் அனுபவிச்சுப் பார்த்தாச்சு. நீ குதிச்சது நாயந்தான் கண்ணு, நான் கொறை சொல்லல.

"எல்லா ஊருலயும் இப்படித்தானுங் அப்பாரு"ன்னு நீ வாயத் தொறக்கறதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன், ஆமா, எல்லா ஊருலயும் இப்படித்தான். உன்ற அத்தை மவன் ஃபிலடெல்பியாவுல குடும்பமா இருக்கறானே, அவன் ஊட்டுல போயி இருந்துட்டு வந்தவன் நான். வெளிய போனா மூக்கு ஒறஞ்சு போற குளிருல அந்த ஊருச் சனம் மேல்சட்டை இல்லாம, வகுத்துல பச்சைப் பெயிண்ட அடிச்சுக்கிட்டு ஆட்டம் பாக்கப் போகுது. அந்த ஊரு அமெரிக்கன் ஃபுட்பால் டீமு பேரு ஈகிள்ஸு. அது தோத்தா நம்ம பையன் அன்னைக்குப் பட்டினி. ஜெயிச்சா அதுக்கு மேல கூத்து. 2018 சனவரியில பெரிய ஆட்டத்துக்கு முந்தி போலீசுக்காரங்களே தெருவுல எறங்கி விளக்குக் கம்பத்துக்கெல்லாம் கொழுப்பத் தடவிக்கிட்டுத் திரிஞ்சாங்களாமா. ஜெயிச்ச வெறியில சனம் கம்பத்துல ஏறிப்போடுதுன்னு. நாம கிருஷ்ண ஜெயந்திக்கு வழுக்குமரம் நட்டு, எண்ணெயத் தடவி, உச்சியில பணமுடிப்பையும் கட்டி, ஏறுறா ஏறுறான்னு தண்ணியப் பீச்சி அடிக்கறோம். அவங்க ஏறாதே ஏறாதேன்னு தடவுனாங்க. தடவுனப்பறமும் ஏறுனாங்க, அது வேற விசயம். மனுசன் எல்லா ஊருலயும் மனுசந்தான்.

அந்த ஊருல பொறந்த இன்னொரு டீமு கதையக் கேளு. அத்லெடிக்ஸுன்னு பேரு, பேஸ்பால் டீமு, 1901ல ஆரம்பிச்சது. ஃபிலடெல்பியாவுல இருந்துக்கிட்டு அஞ்சு தடவ உலகப் பட்டம் வாங்கிக் குடுத்துது. 1954 சீசன் முடிஞ்சுது, பொட்டியக் கட்டிக்கிட்டுக் கன்சாஸ் சிட்டிக்குப் போயிருச்சு. 1968ல அங்கிருந்து ஓக்லண்டு. அங்க நாலு பட்டம். 2024ல அந்த ஊரையும் விட்டாச்சு. இப்ப சாக்ரமெண்டோவுல சின்ன டீமுக்குக் கட்டுன கிரவுண்டுல ஒண்டுக்குடித்தனம், லாஸ் வேகாஸுல புது மாளிகை எழும்பற வரைக்கும். சாக்ரமெண்டோ பேரைக் கூட முன்னால போட்டுக்கல, வெறும் அத்லெடிக்ஸ்தான். வாடகை ஊட்டுக்கு ஆராவது பேர்ப்பலகை மாட்டுவாங்களா?

ஓக்லண்டுச் சனம் சும்மா விடல. 2023 ஜூன்ல ஆயிரக்கணக்குல தெரண்டு வந்து, டீமை வித்துப்போட்டுப் போன்னு மொதலாளியப் பார்த்துக் கத்துனாங்க. கத்தறதுக்குன்னே "வித்துரு"ன்னு அச்சடிச்ச பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்தாங்க. மொதலாளி விக்கல. சட்டைக்காரனுக்கு ஒரு ஆர்டர் வந்தது மிச்சம். உலகத்துல ஆரு ஜெயிச்சாலும், ஆரு தோத்தாலும், ஆரு கோவிச்சுக்கிட்டாலும் அதுக்கொரு டி-சர்ட்டு வேணும். நம்ம ஊரு பொழைக்கறது அதுலதான்.

அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்குது. நீ உன்ற சிநேகிதக்காரங்ககிட்ட "ஈகிள்ஸ் ஜெர்சியே நாங்கதான் தைக்கறோம்"னு அளந்துக்கிட்டிருந்தயாமா. அளக்கறதுக்கு முந்தி துணியத் தொட்டுப் பாரு. எறங்கி ஆடறவன் போடறது பாலியஸ்டரு. நம்மளுது காட்டன் ஊரு. பாலியஸ்டருல வியட்நாங்காரனும் சீனாக்காரனும் நம்மள விட நெம்ப தூரம் முன்னால போயிட்டாங்க, நம்மாளுக இப்பத்தான் நூலு கோக்கறாங்க. நமக்கு வர்றது சோபாவுல சாஞ்சுக்கிட்டு, சிப்ஸத் தின்னுக்கிட்டு, அந்த ஆட்டத்தப் பாக்கறவன் போடற காட்டன் டி-சர்ட்டு. ஆடறவனுக்குத் துணி தைக்கற ஊரு இல்ல இது, பாக்கறவனுக்குத் தைக்கற ஊரு. உனக்கும் அந்த ஊரு ரத்தந்தான ஓடுது? பொழுதுக்கும் போனுல பாத்துக்கிட்டே கெடக்கறே.

இன்னொரு அதிசயமும் அங்கதான் கேள்விப்பட்டேன். அமெரிக்காக்காரனோட ஃபுட்பால் பைனலு, அந்த சூப்பர் பவுலு முடிஞ்ச மறு நிமிசமே ஜெயிச்சவனெல்லாம் "சாம்பியன்"னு எழுதுன சட்டையோட நிப்பான். எப்படிடான்னு கேட்டா, ரெண்டு டீமுக்கும் முந்தியே அச்சடிச்சு வெச்சிருவாங்களாம். அப்ப தோத்தவன் பேருல அடிச்சது? அத அந்த நாட்டுக் கடையில வெக்கக் கூடாது. பல வருசம் வேர்ல்டு விஷன்னு ஒரு தொண்டு நிறுவனத்து மூலமா ஏழை நாடுகளுக்குக் கப்பல் ஏத்தி விட்டாங்க. ஆக, இந்த உலகத்துல ஏதோ ஒரு காட்டுல, தோத்துப்போன டீமு ஜெயிச்சதாவே சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் நிம்மதியா ஆடு மேய்க்கறான். நம்ம பட்டிக்கு வர்ற ஆட்டுக்காரனும் காதர்பேட்டையில வாங்குன சர்ப்ளஸ் சட்டையத்தான் போட்டிருக்கறான். அதுல என்ன எழுதியிருக்குதுன்னு அவனுக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சொகமா இருக்கறாங்க.

நமக்குத்தான் சொகம் நிக்கல. கோப்பை ஜூலை 6ந் தேதி வந்துச்சு. ஆகஸ்ட் 27ந் தேதி அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரியப் போட்டான். நம்ம சரக்குல மூணுல ஒரு பங்கு போற ஊரு அது. பட்டாசு வெடிச்ச அதே குரூப்புல ஷிப்மென்ட் நின்னுபோச்சு, டிஸ்கவுண்டு கேக்கறான்னு ஒரே பொலம்பல். உங்கொப்பனுக்கு அப்பத் தெரிஞ்சுது, 118 ரன்னுல ஜெயிச்சாலும் பையரு வெலையக் கொறைப்பான்னு. தமிழன்ஸு கோப்பை எங்கியோ ஒரு ஆபீஸ் அலமாரியில பத்தரமா இருக்குது. எங்க காலத்துல கபடிக்கு எவர்சில்வர் கொடம் குடுத்தாங்க. நான் வாங்கியாந்த கொடத்துல உங்க ஆத்தா இன்னைக்கும் தண்ணி புடிக்கறா. உங்க கோப்பையில ஒரு டம்ளரு தண்ணி மோந்து குடிக்க முடியுமா?

இப்பக் காலேஜு விசயத்துக்கு வர்றேன்.

ஃபிலடெல்பியாவுல பென் யுனிவர்சிட்டிக்கு ஃபிராங்ளின் ஃபீல்டுன்னு ஒரு கிரவுண்டு. 1895ல தொறந்தது. தொறந்த வருசத்துல இருந்து அங்க ஒரு ஓட்டப்பந்தயத் திருவிழா, பென் ரிலேஸுன்னு பேரு. பள்ளிக்கூடத்துப் பையன், காலேஜுப் பையன், ஒலிம்பிக்குல ஓடுனவன் எல்லாரும் அதே தரையில ஓடறாங்க. இந்த ஈகிள்ஸுன்னு குதிக்கறாங்களே, அவங்களே 1958ல இருந்து 1970 வரைக்கும் அந்தக் காலேஜு கிரவுண்டுலதான் ஆடுனாங்க. அதனால நத்தத்துல காலேஜு கிரவுண்டுல ஆடுனது கேவலமில்ல, பெரிய ஊருக்காரன் பழக்கந்தான். பக்கத்துலயே பலெஸ்ட்ரான்னு ஒரு கூடைப்பந்து அரங்கம், 1927ல கட்டுனது. பென், டெம்பிள், வில்லனோவா, செயின்ட் ஜோசப், லா சால்னு அஞ்சு காலேஜு, எல்லாம் உள்ளூருக்குள்ள பங்காளிச் சண்டை. உன்ற மச்சான் என்னைய அங்க கூட்டிக்கிட்டுப் போனான். மரப்பலகையில நெருக்கியடிச்சு உக்காந்துக்கிட்டு, அப்பனும் மவனும் தாத்தனும் ஒரே காலேஜுக்குக் கத்தறாங்க. அங்க உக்காந்திருக்கறப்பத்தான் எனக்குப் புடிபட்டுது. அந்த ஊருல டீமு எத்தனையோ போச்சு, வந்துச்சு. கூடைப்பந்துல வாரியர்ஸு 1962ல சான் பிரான்சிஸ்கோவுக்குப் போச்சு, மறு வருசமே சிராக்யூஸுல இருந்து ஒண்ணு வந்து 76ஆர்ஸுன்னு பேரு மாத்திக்கிட்டு உக்காந்துச்சு. காலேஜு மட்டும் எங்கயும் போகல. போறதுக்கு அதென்ன மஞ்சப்பையா, அத்தாம் பெரிய கட்டடம்.

காலேஜுப் பசங்களுக்கு அங்க முந்தி சம்பளம் கெடையாது. கோடி கோடியா டிக்கெட்டு விப்பாங்க, டிவிக்கு விப்பாங்க, ஆடற பையனுக்கு ஃபீஸும் சோறும் மட்டும். 2021ல தான் உன்ற பேரை வெச்சு நீ வெளம்பரத்துல சம்பாதிச்சுக்கோன்னு விட்டாங்க. 2025 ஜூன்ல கோர்ட்டு ஒத்துக்கிட்ட ஒரு சமரசத்துல, ஒரு காலேஜு வருசத்துக்கு 205 லட்சம் டாலர் வரைக்கும் பசங்களுக்கே நேராப் பிரிச்சுக் குடுக்கலாம்னு ஆயிப்போச்சு. நம்ம காசுல 170 கோடிக்கு மேல. அங்க அவனவன் ஆட்டத்துல காசு பாக்கறதுக்குக் காலேஜுல சேர்றான். நீ ஆட்டத்துல காசு பாக்கறதுக்குக் காலேஜ விட்டு நிக்கறேங்கறே. உன்ற மூளைய அந்த யுனிவர்சிட்டிக்காரன் பார்த்தா ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவான்.

இங்க 170 கோடி இல்ல, ஒத்துக்கறேன். இருக்கறதையாச்சும் பாரு. முதலமைச்சர் கோப்பையில காலேஜுப் பசங்களுக்குன்னு தனிப் பிரிவு வெச்சிருக்கறாங்க, தனியாளா ஜெயிச்சா மொதப் பரிசு 1 லட்ச ரூபா. சர்க்கார் வேலையில வெளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம். உன்ற தம்பி பிளஸ் டூ படிக்கறானே, அவன்கிட்டச் சொல்லு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குல வெளையாட்டுக்குன்னு 500 சீட்டு ஒதுக்கியிருக்குது. பாரதியார் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடணும்னா அதுக்குக் கீழ ஒரு காலேஜுல உன்ற பேரு இருக்கோணும். சிக்கண்ணா காலேஜு கிரவுண்டுல மீட்டு நடந்தா, காலேஜுப் பையன்னாத்தான் உள்ள விடுவான். நீ காலேஜ விட்டுப்போட்டு நின்னா அந்த வேலிக்கு வெளிய நின்னு பாக்கலாம். சட்டை மட்டும் நல்ல காட்டன்ல போட்டுக்க.

"நடராஜன் வல்லீங்களா அப்பாரு?"ன்னு கேப்பே. கேக்கோணும். நடராஜன்னா எனக்கும் உசுரு. சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டி. அப்பா தறியில கூலி, அம்மா ரோட்டோரத்துல கோழிக்கடை. டென்னிஸ் பந்துல ஆரம்பிச்ச கையி. 2016ல டிஎன்பிஎல், 2017ல பஞ்சாப்புக்காரன் 3 கோடிக்கு எடுத்தான். 2020 கடைசில ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவன், ஒரே பயணத்துல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு எறங்கிப்போட்டான். 2021 சனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட்டுல மூணு விக்கெட்டு. நம்ம திருப்பூரு லேபிளப் போட்டுக்கிட்டும் பந்து போட்டிருக்கறான்.

அவன் போட்ட யார்க்கரப் பத்தி நீ ஒரு நாளு பூராப் பேசுவே. அவன் பண்ணுன இன்னொரு காரியத்த நீ பேசி நான் கேட்டதில்ல. 2023 ஜூன்ல சொந்த ஊருல, அந்தச் சின்னப்பம்பட்டியிலயே, ஒரு கிரிக்கெட்டு கிரவுண்டு கட்டித் தொறந்தான். தினேஷ் கார்த்திக் வந்து தொறந்து வெச்சாரு. சம்பாதிச்ச காசுல மெட்ராஸுல நாலு அபார்ட்மென்டு வாங்கியிருக்கலாம், ஆரு கேக்கப்போறா? கிரவுண்டு கட்டுனான். மெட்ராஸுக்குப் போனாத்தான் ஆட்டம்னு அவன் பட்ட பாட்ட அவனுக்குப் பின்னால வர்றவன் படக் கூடாதுன்னு நெனைச்சானோ என்னவோ. அவனாட்டமே பையத் தூக்கிக்கிட்டு மெட்ராஸுக்குப் போயி, ரூம் வாடகை குடுக்க முடியாம ராத்திரி பஸ்ஸுல திரும்பி வந்தவன் எத்தன பேரு? அவன் பேரெல்லாம் பேப்பர்ல வராது கண்ணு. அவங்க நம்ம செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டிருப்பாங்க.

இப்ப எண்ணிப் பாரு. திருநெல்வேலியில ஆட்டம் நடக்கற கிரவுண்டு ஆருது? சங்கர் நகருல சிமெண்டுக் கம்பெனிது. சிமெண்டு விக்கறவன் கிரவுண்டு வெச்சிருக்கறான். நத்தத்துலயும் கோயமுத்தூருலயும் காலேஜுக்காரங்க வெச்சிருக்கறாங்க. சேலத்துல வாழப்பாடியில கிரிக்கெட் பவுண்டேசன்காரங்க வெச்சிருக்கறாங்க. தறிக்காரன் மவன் ஒருத்தன் தனியாளா வெச்சிருக்கறான். நம்ம ஊருல கம்பெனி எத்தன ஆயிரம்? ஒவ்வொண்ணுலயும் பையரு வந்தா எறங்கறதுக்குக் கண்ணாடி வெச்ச ஷோரூம், ஏசி, மீன் தொட்டி. மீனுக்கு இருக்கற எடம் பையனுக்கு இல்ல. மொதலாளிமாருகளையும் சும்மா திட்டக் கூடாது. சென்டு வெலை ஏறுன ஏத்தத்துல, அஞ்சு ஏக்கராவச் சும்மா போட்டு அதுல பையனுக ஓடறதப் பாத்துக்கிட்டு நிக்கற அளவுக்கு நெஞ்சழுத்தம் ஆருக்கு வரும்? நம்ம பையனுக ஞாயித்துக்கிழமையான பிளாட்டுப் போட்ட காட்டுல, அளவுக் கல்லையே ஸ்டம்பா வெச்சு ஆடறாங்க. ஒவ்வொரு வாரமும் ஒரு பிளாட்டு வித்துப் போகுது, பவுண்டரி கிட்ட வருது. சிக்ஸரு அடிக்கறது இப்பல்லாம் சுலபமாயிப்போச்சுன்னு நீ பெருமைப்பட்டுக்கிட்டதா உன்ற தம்பி சொன்னான். ஒடிசாப் பையனுக, பீகாருப் பையனுக, நீங்கன்னு மூணு டீமு அதுக்கு வரிசையில நிக்கறீங்களாமே. அந்த வரிசையப் பார்த்தாத்தான் எனக்கு நெசமான திருப்பூரு டீமு எதுன்னு தெரியுது.

என்னடா, நான் பேசப் பேச மேக்கால காட்டையே பாக்கறே? பாப்பே. அதுக்குத்தான வந்தே. காலேஜ விட்டு நிக்கறேங்கறதெல்லாம் எங்கள மெரட்டறதுக்கு, எனக்குத் தெரியாதா? உங்கொப்பன் அந்தக் காட்ட குடோனுக்கு வாடகைக்கு உடலாம்னு சொல்றான். நான் உசுரோட இருக்கற வரைக்கும் அதுல சோளந்தான். தட்டு அறுத்தப்பறம் மறு மழை வரைக்கும் சும்மாதான் கெடக்கும்.

கேட்டுக்க. காட்ட எழுதி வாங்கறதெல்லாம் நடக்காது. ஆட்டுப் புழுக்கைய நீங்களே கூட்டி எருக்குழியில போடோணும். நடு வேலா மரத்த வெட்டப்படாது, அது ஃபீல்டரு. பந்து கட்டுத்தறிக்குள்ள போனா அடிச்சவன் அவுட்டு, எருமைக்குப் பட்டா டீமே அவுட்டு. அந்த ஒடிசாப் பையனுகளையும் பீகாருப் பையனுகளையும் கூப்புட்டுக்க, அவங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு இருந்தா ஆட்டத்த மத்தியானத்துக்குத் தள்ளி வெய்யி. திங்கக்கிழமையான நீ காலேஜுக்குப் போனயா இல்லியான்னு உங்கம்மாகிட்டக் கேப்பேன், போகலீன்னா செவ்வாக்கிழமை ஏரு பூட்டிருவேன்.

அம்பயரு நாந்தான். கண்ணு தெரியாதும்பே, பரவால்ல. 2025 ஜூன்ல கோயமுத்தூருல நம்ம தமிழன்ஸுக்கு எதுக்கால ஆடறப்ப, அஸ்வினுக்கு ஒரு அம்மிணி எல்பிடபிள்யூ குடுத்துப்போட்டாங்க. அவரு அவங்ககிட்டச் சண்டை கட்டிப்போட்டு, பேட்டால காலுத் தடுப்புல ஓங்கி அடிச்சாரு. உலகமே கும்புடற ஆளு, அவருக்கே ஆட்டக் காசுல 30 சதவீதம் புடிச்சாங்க. உனக்கு ஏது ஆட்டக் காசு? நான் கைய தூக்குனப்பறம் நீ மொணமொணன்னா, ஒரு வாரத்துக்கு ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போறது உன்ற வேலை. சரின்னா போயி மொதல்ல அந்த வெளக்கமாத்த எடுத்தா.